பின்பெஞ்சில் ஒரு கங்காணி

போடிநாயக்கனூர்
14-7-1957

அக்காவுக்கு,

ஜீப்பில் ஏற்றிவிடும்போது, "காலேஜுல உனக்கு என்னடி சோலி?" என்று கேட்டாய். எனக்கே தெரியாததால் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். இப்போது தெரிந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

இது முழுக் கல்லூரி இல்லை. பள்ளிக்கூடம் முடித்தவர்கள் பட்டப்படிப்பில் சேர்வதற்கு முன் ஒரு வருஷம் படித்துத் தேற வேண்டும் என்று பல்கலைக்கழகம் புதிதாகக் கொண்டுவந்திருக்கிறதே, அந்தப் புதுமுக வகுப்பு மட்டும்தான். ராசிங்காபுரத்திலிருந்தும் பொட்டிபுரத்திலிருந்தும் நடந்தும் சைக்கிளிலும் வருகிற பிள்ளைகள். பள்ளியில் எல்லாவற்றையும் தமிழில் படித்தவர்கள். இங்கே திடீரென்று எல்லாம் இங்கிலீஷ். முதல் வாரத்திலேயே சில பேர் நின்றுவிட்டார்கள்.

அதற்குத்தான் நான். என் வேலைக்கு டியூட்டர் என்று பெயர். ஒவ்வொரு வகுப்பிலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, விரிவுரையாளர் நடத்துவதைக் கேட்டுக் குறிப்பெடுக்க வேண்டும். சாயங்காலம் அதையே தமிழில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். சொல்கிறேன். முன் வரிசைக்கு மட்டும் கேட்கிறது என்கிறார்கள்.

கட்டடம் நம் முதலாளி சுந்தரராஜின் பழைய ஏலக்காய்க் கிட்டங்கி. நடுவில் சுவர் எழுப்பி வகுப்பாக்கியிருக்கிறார்கள். எத்தனை தடவை வெள்ளையடித்தும் வாசனை போகவில்லை. மழை பிடித்தால் மலையில் காய் உலர்த்தும் நம் ஸ்டோர் கதவைத் திறந்தது போல் இருக்கிறது. மற்றவர்கள் தலைவலிக்கிறது என்கிறார்கள். எனக்கு அந்த நேரத்தில்தான் பயம் கொஞ்சம் குறைகிறது. முதலாளிதான் செயலாளர். முதல்வர் இன்னும் அமையவில்லை, அதுவரைக்கும் எல்லாம் அவரே.

தினமும் வருகிற விரிவுரையாளர்கள் மூன்று பேர். இங்கிலீஷுக்கு ஐசக் சார், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கணக்குக்குத் தங்கபாண்டியன் சார், இளவயது. விஞ்ஞானத்துக்கு ஜெபமணி அம்மா. இவர்களில் யாரிடமும் நான் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. வணக்கம் சொல்கிறேன், அதுவும் அவர்கள் என்னைக் கடந்து போன பிறகுதான் வாயிலிருந்து வருகிறது. ஆசிரியர் அறைக்குள் போகத் துணிவில்லாமல் தாழ்வாரத்தில் தண்ணீர்ப்பானைக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

சிரிக்காதே.

உன் தங்கை
சந்திரவல்லி


ஸ்டோர் லைன்
2-8-1957

சந்திராவுக்கு,

சிரித்தேன். உன் மாமாவுக்கும் வாசித்துக் காட்டினேன், அவரும் சிரித்தார். பி.ஏ. படித்தவள் பானைக்குப் பின்னால் உட்கார்ந்து சோறு தின்கிறாள் என்று லைன் வீடுகள் முழுக்கச் சொல்லியாயிற்று. பக்கத்து வீட்டு மொக்கம்மாள், "அந்தப் பானைக்காவது வணக்கம் சொல்லுதா?" என்று கேட்கிறாள்.

இங்கே விடாத மழை. அட்டைக்கடி. இந்த எஸ்டேட் இப்போது கேரளாவில் சேர்ந்துவிட்டதாம், தபாலுக்குப் பூப்பாறை வரை ஆள் போகிறான். மற்றபடி அதே முதலாளி, அதே கங்காணி தவசி, அதே அட்டை.

ஒன்று கேட்கிறேன். நீ எல்லாருக்கும் பின்னால் உட்கார்ந்து பார்த்து எழுதுகிறாய் என்கிறாயே, எழுதியதை யாரிடம் கொடுக்கிறாய்?

ஞாயிற்றுக்கிழமை ஜீப்பு வருகிறது. நீதான் வருவதில்லை.

பாண்டியம்மாள்


போடி
25-8-1957

அக்கா,

நீ கேட்ட கேள்வியை இங்கே வேறொருத்தன் எல்லாருக்கும் முன்னால் கேட்டுவிட்டான். ஒச்சப்பன் என்று ஒரு பையன், உங்களுக்கு அடுத்த எஸ்டேட்டில் காய் பறிக்கிறவர்களின் மகன். ஐசக் சார் வகுப்பு நடக்கும்போது திரும்பி என்னைப் பார்த்து, "டீச்சர், நீங்க கங்காணியா?" என்றான். மலைப்பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். வரிசைக்குப் பின்னால் நின்று கவனிக்கிற ஆளுக்கு அவர்கள் கண்ட பெயர் அது ஒன்றுதானே.

ஐசக் சார் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்! கல்லூரி நடத்துவது ஏலக்காய் வியாபாரிகள். காய் பறிக்கும் இடத்தில் ஒரு கங்காணி, தரம் பிரிக்கும் இடத்தில் ஒரு கங்காணி வைக்கிற முதலாளி, வகுப்புக்கும் ஒருத்தியை வைத்திருக்கிறார் என்று. நான் பேனாவைத் திறந்தால் தங்கபாண்டியன் சார் சொல்லவந்த வேடிக்கையைப் பாதியில் விழுங்கிவிடுகிறார். நான் தாழ்வாரத்தில் வந்தால் ஆசிரியர் அறைத் தட்டிக்குப் பின்னால் பேச்சு நிற்கிறது. இல்லை என்று சொல்ல வேண்டும். ஆனால் யாரும் கேட்கவில்லையே, கேட்காததற்கு எப்படிப் பதில் சொல்வது?

போன வாரம் ஜெபமணி அம்மா நேரே பானையிடம் வந்துவிட்டார். பாளையங்கோட்டைக்காரர், பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டாக இருக்கும்.

"ஏட்டி, தட்டிக்கு அந்தப் பக்கம் ஆம்பளையாளுவ. இந்தப் பக்கம் நான் ஒருத்தி. நீ இங்க வந்து உக்காந்துக்கிட்டா நான் செவத்துகிட்டயா பேசுவேன்? எந்திரி."

எழுந்தேன். அன்று முதல் உள்ளே சாப்பிடுகிறேன். அவர் தன் மீன்குழம்பை என்னைக் கேட்காமலேயே என் சோற்றில் ஊற்றுகிறார். "நீ வேவு பாக்க வந்தவளா இருந்தாலும் வயிறுன்னு ஒண்ணு இருக்குல்லா" என்கிறார். அக்கா, அந்தக் குழம்பைச் சாப்பிடும்போது எனக்கு அழுகை வந்தது. காரம் என்று சொல்லிவிட்டேன்.

ஐசக் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வகுப்பில் ஒரு வழக்கம். தாமதமாக வருகிற யாரும் சும்மா வந்து உட்கார முடியாது. நின்று, ஏன் தாமதம் என்று இங்கிலீஷில் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அவர் திருத்துவார், மூன்று தடவை சொல்ல வைப்பார். பிறகு மற்றவர்களும் ஆளுக்கொரு வாக்கியம், நேற்று தன் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மாடு கன்று போட்டது, அப்பா சண்டை போட்டார், எதுவானாலும் சரி. பாதி மணி அதிலேயே போய்விடுகிறது. பாடம் மெல்ல மெல்லத்தான் நகர்கிறது. பின்பெஞ்சில் உட்கார்ந்து நானும் உதட்டை அசைத்து என் வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். பி.ஏ. முடிக்கும்வரை நான் இங்கிலீஷில் எழுதியிருக்கிறேனே தவிர, வாயைத் திறந்து ஒரு வாக்கியம் பேசியதில்லை.

சந்திரா


ஸ்டோர் லைன்
20-9-1957

சந்திரா,

அறுப்புக் காலம், எழுத நேரமில்லை. ஸ்டோரில் இரவு பகலாகக் காய் வேகிறது, அடுப்புப் புகையில் உன் மாமாவின் கண் மிளகாய்ப் பழமாக இருக்கிறது. மீன்குழம்பு ஊற்றுகிற அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல். ஆனால் அவர்கள் உன்னை வேவுக்காரி என்று நினைக்கும்போது நீ வாயை மூடிக்கொண்டிருப்பது நன்றாக இல்லை. சின்ன வயதில் நீ பேசாத இடத்திலெல்லாம் நான் பேசினேன். அங்கே நான் வந்து பேச முடியுமா?

பாண்டி


போடி
3-11-1957

அக்கா,

இத்தனை நாள் இல்லாத ஒன்று இப்போது உண்மையாகிவிட்டது.

முதலாளி என்னைத் தன் ஏலக்காய் மண்டிக்கு வரச் சொன்னார். தட்டுத் தட்டாகக் காய் மாதிரிகள் வைத்து, நடுவில் உட்கார்ந்திருந்தார். "உக்காரு பிள்ள" என்றார். நான் நின்றேன்.

"பின்னால இருந்து எல்லா வகுப்பையும் பாக்குற ஆளு நீ ஒருத்திதான். எனக்கு இங்கிலீசும் தெரியாது, நம்ம கணக்கு மண்டிக் கணக்கு. யாரு எப்படி நடத்துறாகன்னு நீதான் சொல்லணும். ஐசக் சாரு பாதிப் புஸ்தகங்கூடத் தாண்டலையாமே? பெத்தவங்க வந்து கேக்குறாக."

நான் தட்டிலிருந்த காயை எண்ணிக்கொண்டு நின்றேன்.

"இப்பச் சொல்ல வேணாம். யோசிச்சு வையி. கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னாடி சொல்லு. ஆள மாத்துறதா இருந்தா ஜனவரியிலயே மாத்திரணும், மார்ச்சுல பரீட்ச. நம்ம பிள்ளைகளுக்காகத்தான கேக்குறேன்."

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அக்கா. அதுதான் கஷ்டம். மதுரையில் எனக்கு ஹாஸ்டலில் இடம் வாங்கித் தந்தவர், இந்த வேலையைத் தந்தவர், நீயும் மாமாவும் குடியிருக்கிற லைன் வீடும் அவருடையது. ஐசக் சார் பாதிதான் முடித்திருக்கிறார் என்பதும் பொய்யில்லை. நான் அதை மட்டும் சொன்னால் ஜனவரியில் அவர் இருக்க மாட்டார். இந்த வயதில் வேறெங்கும் அவரைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். சொல்லாவிட்டால், கேட்டவருக்கு நன்றி கெட்டவளாகிறேன். பிள்ளைகள் தேறாவிட்டால் அதுவும் என் தலையில்.

நான் என்ன செய்யட்டும்?

சந்திரா


ஸ்டோர் லைன்
12-11-1957

சந்திராவுக்கு,

என்ன செய்ய என்று கேட்கிறாயா? முதலாளி கேட்டதைச் சொல்லிவிட்டு வா. இதற்கு எதற்கு இவ்வளவு யோசனை? அவர் கேட்கிறார், உனக்குத் தெரியும், சொல்கிறாய். இங்கே தினமும் நடக்கிறது.

என் கதை உனக்குத் தெரியாது, அப்போது நீ மதுரையில் படித்துக்கொண்டிருந்தாய். போன வருஷம் என் கூடையில் பிஞ்சுக் காய் கிடக்கிறது என்று தவசி ஸ்டோரில் போய்ச் சொல்லிவிட்டான். பிஞ்சு கிடந்தது, நிசந்தான். ஆனால் அது மொக்கம்மாள் பறித்தது. அவளுக்குக் குளிர்காய்ச்சல், கை நடுங்கியது, கண்ணுக்குப் பழுத்ததும் தெரியவில்லை பிஞ்சும் தெரியவில்லை. அவள் காயை என் கூடையில் கொட்டிக்கொண்டு அவளை மரத்தடியில் உட்கார வைத்தேன். "ஏ பாண்டியம்மா, ஒன்னைப் பத்தி இப்படிச் சொல்லப்போறேன், நீ என்ன சொல்லுற?" என்று அவன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. அந்தப் பருவம் முடியும்வரை என்னைப் பறிப்பிலிருந்து எடுத்து, கூலி குறைந்த களையெடுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். பொய் சொன்னான் என்றுகூட அவனைத் திட்ட முடியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, அது போகட்டும். நீ பிழைக்கிற வழியைப் பார்.

பாண்டி


போடி
24-11-1957

அக்கா,

நீ பிழைக்கிற வழியைப் பார் என்று எழுதினாய். அதற்கு மேலே நீ எழுதியிருந்ததை நான் பிடித்துக்கொண்டேன். கோபிக்காதே.

தவசி உன்னிடம் கேட்காத வார்த்தையை நான் மூன்று பேரிடமும் போய்க் கேட்டேன். முதலாளி விசாரிக்கிறார், உங்களைப் பற்றி நான் இப்படிச் சொல்லப்போகிறேன், சரியா என்று சொல்லுங்கள், தப்பென்றால் திருத்துங்கள் என்று. எழுதும்போது இப்படி இரண்டு வரியில் முடிகிறது. நேரில் அப்படி இல்லை.

முதலில் ஜெபமணி அம்மா. "நீங்க ரொம்ப நல்லா நடத்துறீங்கம்மா. ஆனா பையன்கள் சந்தேகம் கேக்கப் பயப்படுறாங்க. திட்டுவீங்கன்னு" என்றேன்.

"அப்படியே சொல்லப்போறியாட்டி?"

"ஆமாம்மா."

"சொல்லு. 'திட்டுவா, ஆனா காரணத்தோட திட்டுவா'ன்னு சேத்துக்கோ." பிறகு, "யாரெல்லாம் பயப்படுதான்? பேரச் சொல்லு, கூப்பிட்டுத் திட்டாம சொல்லிக் கொடுக்கேன்" என்றார். அப்புறம், "அப்போ நீ வேவுக்காரி இல்லை. வேவு பாக்குறவ இப்படி வந்து சொல்லிட்டு நடுங்க மாட்டா" என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

அடுத்தது தங்கபாண்டியன் சார். அவர் வகுப்பில் எப்போதும் சிரிப்புதான், பிள்ளைகளுக்கு உயிர். ஆனால் வலக்கையால் எழுதிக்கொண்டே இடக்கையால் அழித்துக்கொண்டு போவார். பின்வரிசையில் இருப்பவர்கள் கணக்கின் தலையையும் காலையும் மட்டும் எழுதிக்கொள்கிறார்கள். புரிந்ததா என்று கேட்டால் அவர் மனம் நோகக்கூடாது என்று ஆமாம் சொல்கிறார்கள். இதைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"இத்தன நாளும் எம் மூஞ்சிக்காகவா தலையாட்டுனாய்ங்க?"

மறுநாள் கரும்பலகை நிறைய எழுதிவிட்டுக் கடைசி பெஞ்சுக்கு வந்து, என் பக்கத்தில் நின்று தன் எழுத்தைத் தானே பார்த்தார். "ஒண்ணுமே தெரியலையேங்க. சொல்றதுக்கு நவம்பர் வரைக்குமா காத்திருந்தீங்க?" என்றார்.

ஐசக் சாரிடம்தான் கெடுத்துவிட்டேன். சாயங்காலம், அவர் புறப்படும் நேரம். "சார், பாதிப் பாடம் முடியலை. பரீட்சைக்குள்ள இந்த வேகத்துல முடியாது. அதைச் சொல்ல வேண்டியிருக்கு" என்றேன். இன்னொரு பாதி வைத்திருந்தேன் அக்கா. ஜூலையில் தன் பெயர் சொல்லவே வாய் திறக்காத பிள்ளைகள் இன்று உங்கள் வகுப்பில் எழுந்து நின்று பேசுகிறார்கள், அதையும் சொல்வேன், நானே உங்களிடம்தான் கற்றுக்கொண்டேன் என்று. அதற்குள் அவர், "சரிங்கம்மா. உள்ளதுதானே. சொல்லுங்க" என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பின்னாலேயே ஓடியிருக்க வேண்டும். நின்றுவிட்டேன். அதிலிருந்து என் வணக்கத்துக்குத் தலை மட்டும் அசைக்கிறார்.

வேலையில் சேர்ந்து இவ்வளவு நாளில் இவர்களோடு நானாகப் போய்ப் பேசியது இந்த மூன்று பேச்சுத்தான். ஆனாலும் இப்போதுதான் எனக்கு இவர்களைத் தெரியும் போல இருக்கிறது.

லீவுக்கு முந்தின வாரம் மண்டிக்குப் போக வேண்டும்.

சந்திரா


ஸ்டோர் லைன்
1-12-1957

சந்திரா,

உனக்கு என்ன பைத்தியமா? நான் புலம்பியதை ஒரு புத்தி என்று எடுத்துக்கொண்டு போய் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாயே. முதலாளி உன்னிடம் மட்டும் கேட்டார். நீ அவர்களிடமெல்லாம் சொன்னது அவர் காதுக்குப் போனால், இவளுக்கு நாம் செய்ததற்கு இதுவா என்று நினைக்க மாட்டாரா? எந்த ஊரிலாவது கங்காணி காய் பறிக்கிறவளிடம் ஒப்புதல் வாங்கிவிட்டு ஸ்டோருக்குப் போனதுண்டா? உன் மாமா இதைக் கேட்டுவிட்டு, "ஒன் தங்கச்சிக்குப் பேச்சு வராதுன்னில்ல நெனச்சேன்" என்று மட்டும் சொன்னார். சிரித்தாரா பயந்தாரா என்று தெரியவில்லை.

அந்தக் குடைக்காரருக்கு மீதியைச் சொல்லிவிடு. பாதி சொல்லிவிட்டு நிற்காதே. பாதி கேட்டவனுக்குத்தான் நிறைய வலிக்கும், நான் பார்த்திருக்கிறேன்.

ஆரம்பித்துவிட்டாய், இனி நடுவில் நிறுத்தாதே.

பாண்டி


போடி
22-12-1957

அன்புள்ள அக்கா,

நிதானமாக எழுதுகிறேன், நீயும் நிதானமாக வாசி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கெட்ட செய்தி இல்லை.

திங்கட்கிழமை மண்டிக்குத் தனியாகத்தான் புறப்பட்டேன். வாசலில் ஜெபமணி அம்மா நின்றார். "எங்களப் பத்திப் பேசப் போற எடத்துக்கு நாங்க வரக்கூடாதா?" என்றார். தங்கபாண்டியன் சார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தார். முதலாளி எங்களைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார்.

"ஒன்னத்தான வரச் சொன்னேன்?"

"நான் சொல்லப்போறது அவங்களுக்கும் தெரியும் முதலாளி. முன்னாடியே சொல்லிட்டேன்."

"என்ன பிள்ள இது? சத்தமாப் பேசு."

நான் பேசினேன். ஜெபமணி அம்மாவைப் பற்றி, கணக்கைப் பற்றி, அவர்களிடம் சொன்னதையே சொன்னேன். ஐசக் சார் பாதிதான் முடித்திருக்கிறார் என்றேன். அப்போது திரும்பிப் பார்த்தால், அவர் வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. நீ எழுதியது நினைவுக்கு வந்தது. அவர் முகத்தைப் பார்த்தே மீதியைச் சொன்னேன். பேசாத பிள்ளைகள் பேசுகிறார்கள் என்று. நின்றுபோன இரண்டு பேர் திரும்பி வந்திருக்கிறார்கள், அவர் வகுப்புக்காகத்தான் வந்தார்கள் என்று. எனக்கும் அவர்தான் வாத்தியார் என்று.

முதலாளி காய்த் தட்டை விரலால் கிளறிக்கொண்டே கேட்டார். "அது சரி. பரீட்சையில புஸ்தகத்துல இருந்துதான கேப்பான்? மிச்சப் பாடத்த யாரு முடிப்பா?"

"நான் எடுக்கிறேன். சாயங்காலம்."

"நீயா? ஒஞ் சத்தம் எனக்கே கேக்கலையே."

"என் சனிக்கிழமை மணிய அவங்களுக்குக் கொடுத்துர்றேன்" என்றார் தங்கபாண்டியன் சார்.

முதலாளி எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு, "எல்லாரப் பத்தியும் மூஞ்சிக்கு நேராச் சொல்லுற. என்னயப் பத்தி என்ன சொல்லுவ?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் பதில் வேண்டும் என்று கேட்டார். அக்கா, உன் வீட்டை நினைத்தேன். மாமாவை நினைத்தேன். பொய் சொல்ல ஒரு பொய்கூட அந்த நேரத்தில் கிடைக்கவில்லை.

"எனக்கு எல்லாம் செஞ்சவர் நீங்க. ஆனா கல்லூரி ஆரம்பிச்சு ஆறு மாசமாச்சு, ஒரு வகுப்புக்குக்கூட நீங்க வந்து உக்காந்ததில்லை முதலாளி."

அவர் காய்த் தட்டைத் தள்ளி வைத்தார். "சரி, போங்க" என்றார். அவ்வளவுதான்.

புதன்கிழமை ஐசக் சார் வகுப்பு தொடங்கி வெகுநேரம் ஆன பிறகு, கதவைத் தள்ளிக்கொண்டு முதலாளி உள்ளே வந்தார். காய் ஏலத்திலிருந்து நேரே வந்திருக்கிறார், தோள்துண்டில் காய்த் தூசி. வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தார். ஐசக் சார் சாக்கட்டியைக் கீழே வைத்தார். அவரையே பார்த்து, எந்தப் பிள்ளையையும் கேட்பது போலக் கேட்டார்.

"ஒய் ஆர் யூ லேட்?"

முதலாளி என் பக்கம் குனிந்தார். "என்ன கேக்குறாரு?"

"ஏன் லேட்டுன்னு கேக்குறார். எந்திரிச்சுச் சொல்லணும்."

"நானுமா?"

"எல்லாரும்தான்."

எழுந்துவிட்டார்! "ஐ… லேட்டு" என்றார். முன்னால் இருந்து ஒச்சப்பன் அடங்காத குரலில், "பிகாஸ் முதலாளி, பிகாஸ்!" என்றான்.

"பிகாஸ்… ஏலம்."

வகுப்பு விழுந்து சிரித்தது. ஐசக் சார் சிரிக்காமல், "பிகாஸ் ஆஃப் தி ஆக்‌ஷன்" என்றார்.

"ஆக்‌ஷன் எனக்குத் தெரியுமே!" என்றார் முதலாளி, சண்டைக்குப் போவது போல. மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை முழுசாக வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். உட்கார்ந்து கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இத எல்லாப் பிள்ளையும் தெனமும் செய்யுதா?"

"ஆமா முதலாளி."

"இப்படித்தான் வேர்க்குமா அதுகளுக்கு?"

"எனக்கே இன்னும் வேர்க்குது."

வகுப்பு முடியும்வரை இருந்தார். ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து பேசுவதை வாய் பிளந்து பார்த்தார். ராசிங்காபுரத்துப் பையன் தன் வீட்டுக் கிணறு வற்றியதை இங்கிலீஷில் சொன்னபோது, என்ன சொன்னான் என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். போகும்போது ஐசக் சாரிடம் சொன்னது இதுதான்: "சாரு, லீவு முடிஞ்சு வெரசா வந்துருங்க. லேட்டா வந்தா நான் கேப்பேன்."

பிறகு ஐசக் சார் என்னிடம் வந்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"அந்த மீதியை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அம்மா."

"நீங்க குடையை எடுத்துட்டுப் போயிட்டீங்க சார்."

"ஆமா. நான் கொஞ்சம் நின்னிருக்கணும்" என்றார். அப்புறம் எந்தெந்தப் பாடத்தை நான் எடுப்பது என்று பேசினோம். எங்கே பிள்ளைகள் இடறுவார்கள், எந்த இடத்தில் நான் மூச்சு வாங்கிக்கொள்ளலாம் என்பது வரை எழுதிக் கொடுத்தார். சனிக்கிழமை என் முதல் வகுப்பை எடுத்தேன். மூன்றாவது வரிசைவரை கேட்டதாம்.

எத்தனை பேருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும், அக்கா! ஜெபமணி அம்மாவிடம் ஆரம்பித்தால், "சோறு ஆறுது, உக்காரு" என்கிறார். தங்கபாண்டியன் சார் அதையும் ஒரு வேடிக்கையாக்கிவிடுகிறார். ஐசக் சார் என் வாக்கியத்தைத் திருத்துகிறார். முதலாளியிடம் சொல்லப் போனேன், "போயி பாடத்த எடு" என்று அனுப்பிவிட்டார். இவ்வளவையும் எங்கே கொண்டுபோய் வைப்பது? அதனால் உனக்கு எழுதுகிறேன். நீயாவது வாங்கிக்கொள்.

உன்
சந்திரவல்லி


ஸ்டோர் லைன்
2-1-1958

சந்திராவுக்கு,

வாங்கிக்கொண்டேன். பத்திரமாக இருக்கிறது.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன். மூன்று பேரிடமும் போய்ச் சொன்னேன் என்று நீ எழுதிய கடுதாசி வந்த அன்றைக்கே நானும் உன் மாமாவும் வீட்டுச் சாமான்களைக் கட்டி வைத்துவிட்டோம். பாத்திரம், பாய், துணி எல்லாம் மூட்டையாகி, ஒரு மாதமாகக் கதவோரத்தில் கிடந்தது. முதலாளிக்குக் கோபம் வந்து வெளியே போ என்றால், அவர் இரண்டாவது தடவை சொல்லும்வரை நாம் நிற்கக் கூடாது என்று உன் மாமா சொன்னார். கம்பத்தில் தன் அண்ணன் வீட்டுக்குச் சொல்லியும் அனுப்பியிருந்தார். இதையெல்லாம் உனக்கு எழுதியிருந்தால் நீ மண்டிக்குப் போயிருக்க மாட்டாய். அதனால் திட்டி மட்டும் எழுதினேன்.

உன் கடுதாசியை வாசித்துவிட்டு நேற்று மூட்டைகளை அவிழ்த்தேன். அடுப்பில் பானை ஏறியிருக்கிறது. பொங்கலுக்கு ஜீப்பில் இடம் சொல்லியிருக்கிறேன், உனக்கு மட்டுமில்லை, அந்த மூன்று பேருக்கும் சேர்த்து. மீன்குழம்பு அம்மா எனக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும்.

எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. உன் மாமாவின் வெளுத்த வேட்டியை மட்டும் எந்த மூட்டையில் கட்டினேன் என்று இன்னும் தெரியவில்லை. காலையிலிருந்து துண்டோடு நின்று உன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார். சிரித்துக்கொண்டுதான் திட்டுகிறார்.

அக்கா
பாண்டியம்மாள்